பன்னிரண்டு வினாடி

எங்கள் பரிசோதனை அறையில் யாருக்கும் ஒரே சட்டம்தான். விரல் அகலப் பிளாஸ்டிக் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ்நுனியில் பத்து வினாடி நெருப்புக் காட்ட வேண்டும். விலக்கியதும், அது தானாக அணைய எத்தனை வினாடி ஆகிறது என்று குறிக்க வேண்டும். அணைந்ததும் இன்னொரு பத்து வினாடி. அடியில் பஞ்சு விரித்திருப்போம். எரியும் சொட்டு விழுந்து பஞ்சு பற்றினால் தேறாது. இப்படி ஐந்து பட்டைகளும் தேற வேண்டும். பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. "கொளுத்திப் போடறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் நீதான்" என்பார் என் வீட்டுக்காரர்.

என் தம்பி அப்போது கீழ்த்தளத்தில் கலவை எந்திரத்தில் இருந்தான். மின்கருவிகளின் வெளிக்கூட்டுக்கு இரண்டு பிளாஸ்டிக்கைக் கலப்பார்கள். ஒன்று நெருப்புப் பட்டால் கரியாகி மேலே ஓடு கட்டும். மற்றது உருகி ஒழுகி, நெருப்புக்குத் தீனி போடும். அதை அடக்கத் தீத்தடுப்புத் தூள் சேர்ப்பார்கள். எங்கள் பேச்சில் அது மருந்து. பழைய மருந்து நெருப்பை அடக்கும், ஆனால் புகை நெஞ்சை அடைக்கும். தம்பி கண்டுபிடித்தது கரி ஓட்டை வலுவாக்கும் வேறொரு மருந்து. அதிகம் போட்டால் கூடு நொறுங்கும், குறைத்தால் சொட்டும். எட்டு மாதம் அளவை மாற்றி மாற்றிப் போராடினான். இது தேறினால் ஆய்வுப் பிரிவில் இடம் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

பட்டைகள் என் மேசைக்கு வந்த அன்று, பட்டைகளை அச்சில் வார்க்கும் 'ரேடியோ' எட்டிப் பார்த்தார். வாய் ஓயாது என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"வீட்டுச் சமையலை வீட்டு ஆளே ருசி பார்த்தா, உப்பு கம்மின்னு சொல்லுவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரிந்தும் மூடப் பார்த்தேன். தம்பி கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். பட்டையில் நெருப்பை வைத்தேன். பத்து வந்தது. கை விலகவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்தேன். தாளில் மட்டும் பத்து என்று எழுதினேன்.

நான்கு பட்டைகள் அதையும் தாங்கின. ஐந்தாவது சொட்டியது. பஞ்சு பற்றியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நான்தான்.

"சொட்டிருச்சாக்கா?"

"சட்டம்னா சட்டம்தான்டா. தம்பிக்குன்னு தனியா ஒண்ணு இருக்கா?"

அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. தம்பி இரண்டு மாதத்தில் வேலையை விட்டான். இப்போது வேறு ஊரில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறான். தொழிற்சாலை பழைய மருந்திலேயே ஓடுகிறது.

ஆறு வருடம் கழித்து, போன வாரம் அலமாரியை ஒழித்தபோது ஒரு உறை கிடைத்தது. மேலே தம்பியின் கோணல் கையெழுத்து. உள்ளே அதே கலவையில் உபரியாக வார்த்த ஐந்து பட்டைகள். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்தினேன். இந்த முறை பத்து என்றதும் கையை எடுத்தேன். ஐந்தையும் முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"டேய், அன்னிக்கு நான் பத்து வினாடி வைக்கலடா. பன்னிரண்டு வச்சேன்."

"தெரியும்க்கா."

"என்னடா தெரியும்?"

"கண்ணாடிக்கு வெளிய நின்னு நானும் எண்ணிக்கிட்டுதானே இருந்தேன்."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும். அப்ப மாமாவுக்கும் வேலை இல்ல. குழந்தைங்க படிச்சிட்டிருந்தாங்க."

"நாளைக்கே மேலாளர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன்."

யாரோ பின்னால் கூப்பிட, "இருங்க, வரேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இன்னிக்கு அஞ்சும் எரிச்சியா?"

"எரிச்சேன்."

"எவ்வளவுல அணைஞ்சது?"

"எல்லாமே மூணு வினாடிக்குள்ள."

"சொட்டுச்சா?"

"ஒரு பொட்டுகூட இல்லடா. பஞ்சு வெள்ளையாவே இருக்கு."

மறுமுனையில் அவன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுக்கா" என்றான்.