இரண்டு பேருக்கும் போட வேண்டிய ஊசி

எக்ஸ்ரே படம் சரியில்லை என்றால் தை மாதம் என் தங்கை புஷ்பவள்ளியை என் புருஷனுக்கே கட்டி வைப்பது என்று பேசி முடித்த பிறகுதான் என்னை மதுரைக்கு அனுப்பினார்கள். அது எழுபத்தொன்றாம் வருஷம். கல்யாணமாகி ஏழு வருஷமாக என் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. பேச்சை எடுத்தது என் மாமியார். தலையாட்டியது என் அப்பா. மறுத்தால் என்னைப் பிறந்த ஊரான கல்லலுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். நானும் சரி என்றேன். குறை என்னிடம் என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைக்குள் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கருக்குழாய் ரெண்டும் அடைச்சிருக்கு. மருந்து அதுக்குள்ள போகவே இல்லை. கல்யாணமான புதுசுல காய்ச்சலும் அடிவயித்து வலியும் வந்து படுத்தீங்களா?"

படுத்தேன், இருபது நாள். மாமியார் கஷாயம் வைத்துக் கொடுத்தார், திருநீறு பூசினார்.

டாக்டரம்மா என் புருஷன் உடையப்பனை உள்ளே கூப்பிட்டார். அவர் காரைக்குடியிலிருந்து பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவர். "வெளியில பொம்பளைங்ககிட்ட போய் ஒட்டிக்கிற வெட்டை நோய் உங்களுக்கு வந்ததுண்டா?" என்று டாக்டரம்மா நேராகவே கேட்டார். மூன்றாவது தடவை கேட்டதும்தான் இவர் வாய் திறந்தது.

"வந்துச்சும்மா. தேவகோட்டையில பென்சிலின் ஊசி போட்டுக்கிட்டேன். சரியாப் போச்சு."

"வீட்டம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லலையா?"

"சொன்னாக."

"அப்புறம்?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

திரும்பும்போது, பஸ் திருப்பத்தூர் தாண்டியதும் இவர் மெல்லச் சொன்னார்: "வீரலெச்சுமி, ஊருல ஒனக்குத்தான் கோளாறுன்னு சொல்லிரு. இல்லாட்டி நம்ம மானம் போயிரும்."

நம்ம மானமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இருபது நாளும் நான் சுருண்டு கிடந்தபோது, எதனால் என்று இந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் அப்பாவும் புஷ்பவள்ளியும் வந்து காத்திருந்தார்கள். "என்னத்தா சொன்னாக?" என்றார் மாமியார். நான் எதையும் பூசி மெழுகவில்லை. என்ன நோய், யார் கொண்டுவந்தது, யாருக்கு மட்டும் ஊசி போட்டது, அத்தனையும் சொன்னேன். சொன்னால் என் தங்கையாவது தப்புவாள் என்று நினைத்தேன்.

அப்பா துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மாப்பிள்ளையைக் கேட்டார்: "இப்ப ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையில்ல?"

"இல்ல மாமா."

"அப்புறமென்ன. தையிலேயே வச்சுக்கிருவோம்."

பெற்ற அப்பா சொன்ன சொல் இது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

புஷ்பவள்ளிதான் கேட்டாள். "அக்காவுக்கு ஏன் மச்சான் ஊசி போடல?"

அவள் மறுபடியும் கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அப்பா பின்னாலேயே ஓடினார்.

தையில் வேறு ஊரிலிருந்து அழகி என்பவள் இவருக்கு இரண்டாம் தாரமாக வந்தாள். பத்தொன்பது வயது. மூத்தவளுக்குக் கோளாறு என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. என் தங்கை தப்பிவிட்டாள், அது போதும் என்று இருந்துவிட்டேன். இவர் பம்பாய்க்கு லாரி ஓட்டுவதை நிறுத்தவில்லை.

மறு வருஷம் ஆடியில் ஒரு நாள் காலையில் அழகி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். உடம்பு கொதித்தது. மாமியார் கஷாயம் வைக்க அடுப்பை மூட்டினார்.

"எந்திரி, தேவகோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"எனக்கு எதுக்குக்கா ஆஸ்பத்திரி? வெறும் வயித்து வலிதானே. போன மாசம் அவுகளுக்குத்தான் ரொம்ப முடியாம, பத்து நாள் ஊசி போட்டுக்கிட்டு வந்தாக."