டிவிடெண்ட் மாப்பிள்ளை

என் அக்கா புருஷனுக்கு வேலை வெட்டி இல்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நான் முதலீட்டாளர்" என்பார். நாற்பத்தாறு வயதில் காகிதக் கம்பெனி வேலையை உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் செல்போனும் கையுமாகச் சாய்ந்துகொண்டு, காலை டீக்கும் மாலை டீக்கும் நடுவில் உலகப் பொருளாதாரத்தையே கட்டி மேய்ப்பார். எங்கள் சலவைக்கூடத்துப் பெண்களிடம் அவருக்குப் பெயர் டிவிடெண்ட் மாப்பிள்ளை. வைத்தது நான்தான், பரப்பியது அவர்கள்.

"பணம் நமக்காக உழைக்கணும். நாம பணத்துக்காக உழைக்கக் கூடாது." இதை அவர் சொல்லாத நாள் கிடையாது. பணம் உழைத்ததோ இல்லையோ, அக்கா உழைத்தாள். ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள் துவைபட்டு, தேய்க்கும் சூட்டு உருளைக்குள் போய், கை பொறுக்காத சூட்டில் வெளியே வரும். நானும் அவளும் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி மடிப்போம். அந்தக் கூடத்தில் நாற்காலி என்ற ஒன்றே கிடையாது. இத்தனை வருஷம் நின்றதில் அக்காவுக்குக் கெண்டைக்கால் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. இனியும் நின்றால் புண் வரும், வந்தால் லேசில் ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் உட்கார வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

உட்கார வழியும் இருந்தது. அப்பாவின் வீட்டை விற்றதில் எங்கள் இருவருக்கும் பங்கு வந்தது. என் பங்கை நான் வங்கியில் போட்டேன். அதைக் கேட்டு அத்தான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்னும் காதில் நிற்கிறது.

"பேங்க்ல போட்ட பணம் தூங்கும்" என்றார். சொன்னவர் அப்போதுதான் பகல் தூக்கம் முடிந்து எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் பணத்துக்கு அவர் பங்குச்சந்தையைக் காட்டினார். கணக்கு அவள் பெயரில்தான். கையெழுத்துப் போட அவளைத் தரகர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனபோது நானும் துணைக்குப் போனேன். மாடிப்படி ஏறுவதற்குள் அக்கா இரண்டு தடவை நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மகாராஜா திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போய்விட்டார்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். "சோப்பு, மருந்து மாதிரி எப்பவும் விக்கிற கம்பெனிகள் இருக்கு சார். லாபத்துல பங்குக்காரங்களுக்குக் குடுக்கிற டிவிடெண்ட் மூணு சதவீதம்தான். ஆனா வருஷத்துக்கு வருஷம் கூட்டிக் குடுப்பாங்க. பாதிப் பணத்தை பேங்க்ல வெச்சுட்டு பாதியை இதுல போடுங்க. அம்மா இப்பவே அரை நாள் வேலைக்கு மாறிக்கலாம்."

அக்காவின் முகம் மலர்ந்தது. அத்தானின் முகம் சுண்டியது.

"மூணு சதவீதம் உண்டியல்ல போடுற காசு சார்" என்றார். அவர் ஏற்கெனவே ஒரு கப்பல் கம்பெனியைப் பார்த்து வைத்திருந்தார். அது ஒன்பது சதவீதம் கொடுக்கிறதாம். ஆபீஸ்காரர் மன்றாடியதற்காகப் போனால் போகிறதென்று கொஞ்சம் சோப்புக் கம்பெனியில் போட்டார். மிச்சம் அத்தனையும் கப்பலில் ஏறியது. "டிவிடெண்ட் உன் சம்பளத்தைத் தொடட்டும். அன்னைக்கே நீ வேலையை விட்டுடு" என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தார். அவளும் தலையாட்டினாள். என் அக்காவைப் போலத் தலையாட்ட இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும்.

கொஞ்ச நாளில் ஒன்பது பதினொன்றானது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இனிப்பு வாங்கி வந்தார்.

"கம்பெனி அதிகமா குடுக்கப் போகுதா அத்தான்?" என்று கேட்டேன்.

"பங்குக்குக் குடுக்கிறது அதேதான். சதவீதம் ஏறுது. போர்வை மடிக்கிற புத்திக்கு இதெல்லாம் எட்டாது, விடு."

அந்த வாரமே ஆபீஸ்காரர் போனில் கூப்பிட்டார். அத்தான் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், பெரிய மனிதர் அழைப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா. "சார், பங்கு விலை விழுந்துக்கிட்டே இருக்கு. அதனாலதான் சதவீதம் பெரிசாத் தெரியுது. அந்தக் கம்பெனி கடன் வாங்கித்தான் டிவிடெண்ட் குடுக்குது. வெளிய வந்துடுங்க" என்றார் அவர். அத்தான் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "மலிவா கிடைக்கும்போது வாங்காம எப்ப வாங்குறது?" என்று கேட்டுவிட்டு, சோப்புப் பங்குகளையும் விற்றுக் கப்பலிலேயே போட்டார்.

காய்ச்சல் நூறிலிருந்து நூற்று நாலுக்குப் போனதும் பிள்ளை முன்னேறுகிறான் என்று இனிப்புக் கொடுக்கிற அப்பனை என்ன சொல்வது? அடித்துத் திருத்தும் வயதும் தாண்டிவிட்டது.

பதினாலு சதவீதம் வந்த அன்று, போட்ட முழுப் பணத்துக்கும் பதினாலு என்று அவர் போட்ட கணக்குப்படி, டிவிடெண்ட் அக்காவின் சம்பளத்தைத் தொட்டுவிட்டது. அக்கா வேலையை விட்டாள். மேற்பார்வை அம்மா மட்டும், "இந்த மாசம் உன் இடத்துல ஆள் போடல. மனசு மாறினா சொல்லு" என்றாள். அக்கா சிரித்தாள். வீட்டில் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். வீக்கம் வடிய ஆரம்பித்தது. அவள் கணுக்கால் எலும்பை நான் பல வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

மாதம் முடிவதற்குள் கப்பல் கம்பெனி அறிவித்தது, இந்த ஆண்டு டிவிடெண்ட் கிடையாது என்று. பங்கு விலை அன்றே பாதியாகிவிட்டது. வேலை முடிந்து நான் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் சொற்பொழிவில் இருந்தார்.

"இது காகிதத்துல இருக்கிற நஷ்டம். வித்தாத்தான் நஷ்டம். நீண்டகால முதலீட்டாளன் இதுக்கெல்லாம் பதற மாட்டான்."

"அப்ப வீட்டுச் செலவுக்கு?" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "உன் இடம் இன்னும் காலியாத்தானே இருக்கு? ஒரு ரெண்டு வருஷம் போயிட்டு வா. நீண்டகாலத்துல எல்லாம் சரியாயிடும்."

அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, ஆள் வரும்னு சொல்லிடறேன்" என்றாள். வாசலில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குச் சூடு சொரணையே இல்லையாக்கா? இந்த மனுஷனுக்காக இன்னும் நிப்பியா?" என்றேன். "காலையில வந்து கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று எனக்கு அத்தானைவிட அவள் மேல்தான் வெறுப்பு.

மறுநாள் விடியும்போது போனேன். அக்கா ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் தேய்த்த சட்டையோடு நடுக்கூடத்தில் நின்றார். திருடு போன வீட்டுக்காரன் மாதிரி முழித்தார்.

"நீயாவது இவளுக்குச் சொல்லும்மா" என்றார் என்னிடம். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை அம்மா என்றார்.

"என்ன சொல்லணும்?"

"என்னைப் போய் போர்வை மடிக்கச் சொல்றா."

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "மேற்பார்வை அம்மாகிட்ட பேசிட்டேன். ஆம்பிளையா இருந்தாலும் பரவாயில்லைன்னு சொன்னாங்க. அந்த ஆபீஸ்காரர்கிட்டயும் பேசிட்டேன். சந்தை திறந்ததும் கப்பலை வித்துட்டு, மிச்சம் என்ன வருதோ அதை அந்த மூணு சதவீதத்துலயே போடச் சொல்லிட்டேன். என் பேர்லதானே இருக்கு."

"வித்தா நஷ்டம் நிஜமாயிடும்டி."

"ஆகட்டும்."

"மூணு சதவீதம் வளர்ந்து வர எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? நீண்டகாலம் ஆகும்."

"அதுவரைக்கும் நில்லுங்க" என்றாள் அக்கா.

அவர் நின்றார். எனக்கு எதிரே, அக்காவின் இடத்தில். விரிப்பின் சூடு பட்டதும் கையை உதறினார். முனையைத் தலைகீழாகப் பிடித்தார். கொஞ்சம் தெம்பு வந்ததும் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பங்குச்சந்தை பற்றி ஆரம்பித்தார். அவள், "முதல்ல முனையைப் பிடிங்க மாப்பிள்ளை" என்றாள். கூடமே சிரித்தது. டீ முடிந்து சற்று நேரத்தில் என் பக்கம் குனிந்து, "எப்ப உட்காரலாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இங்க யாரும் உட்கார மாட்டாங்க அத்தான்" என்றேன். அந்தப் பதிலைச் சொல்லக் கிடைத்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சாயங்காலம் பஸ்ஸில் அவர் நெளிந்து நெளிந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டதை வேறு கண் குளிரப் பார்த்தேன்.

வீட்டுக்குள் போனதும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் சரிந்தார். நான் அக்காவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் நாள் முழுக்க நடந்ததை நடித்தே காட்டினேன். அவர் கையை உதறியதை, முனையைத் தேடியதை, உட்காரலாமா என்று கேட்டதை.

"எப்ப கேட்டார்?" என்றாள் அக்கா.

"டீக்கு அப்புறம். டீ குடிச்சு முழுசா ஒரு மணி நேரம்கூட ஆகலக்கா, அதுக்குள்ள."

அவள் சிரிக்கவில்லை. தரையில் கிடந்தவரை எட்டிப் பார்த்தாள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி உப்பைப் போட்டாள்.

"நான் முதல் நாள் டீக்கு முன்னாடியே கேட்டேன்டி" என்றாள்.