முன்சக்கரத்து டியூப்

புதன்கிழமைகளில் எங்கள் கிளப்பில் துப்பாக்கி சுடும் போட்டி. சுடுவதற்கு முன் எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் அவர்கள் சுடும் கோட்டுக்குப் போகலாம்.

வட மிச்சிகனின் குளிரில் வெறும் இரும்பைப் பிடிக்க யாருக்கும் பிடிக்காது. கடையில் விற்கும் ரப்பர் உறைக்குச் செலவழிக்கவும் பிடிக்காது. அதனால் மேசையில் எப்போதும் விதவிதமான ஒட்டுவேலைகள் இருக்கும். ரூடி கங்காஸ் கைப்பிடியில் ஹாக்கி மட்டைக்கான துணிநாடாவைச் சுற்றியிருந்தான். ஊர்ப் பல் மருத்துவர், டென்னிஸ் ஆடும் மட்டையின் பட்டையை ஒட்டியிருந்தார். என்னுடையதில் சைக்கிள் டியூப்.

ஹாலிஸ் பிரூவெட்டின் துப்பாக்கியிலும் அன்று சைக்கிள் டியூப் இருந்தது. ஓரம் மிக நேராக வெட்டப்பட்டிருந்தது. கைப்பிடியின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினேன். எதுவும் நகரவில்லை.

அது பழைய ராணுவ மாதிரி. அதன் கைப்பிடியின் முதுகில் ஒரு தகடு உண்டு; என்னுடையதில் அது கிடையாது. உள்ளங்கை அதை அழுத்தியிருந்தால்தான் விசை வேலை செய்யும். கைநழுவினால் தகடு எழும்பிக்கொள்ளும், விசை பூட்டிக்கொள்ளும். டியூப் மாட்டுகிறவன் அந்த இடத்தைப் பிறை வடிவில் வெட்டி எடுத்துவிடுவான். இங்கே யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஹாலிஸின் டியூப் தகட்டின் மேல் இறுக்கமாக உட்கார்ந்து, அதை அழுத்தியபடியே வைத்திருந்தது. கை எதுவும் இல்லாமல் அந்தத் துப்பாக்கி தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருந்தது.

"இதோட கோட்டுக்குப் போக முடியாது," என்றேன்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.

"பரவாயில்லைங்க. தோட்டாவும் மறந்துட்டேன்."

ரூடி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"தோட்டாவை மறந்துட்டு இங்க வந்தீங்களா? சவுனாவுல நீராவிக் குளியலுக்குப் போறவன் துணியோட போய் உக்காந்த மாதிரி இருக்கு."

ஹாலிஸ் சிரித்தான். நல்ல சிரிப்பு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் இலையுதிர் காலத்தில் தெற்கே மிசௌரியிலிருந்து வந்தவன். தூண்டில் கடைக்கு மேல் அறை எடுத்திருந்தான். அந்த ஊர் ஷெரீஃபிடம் இருபது வருடத்துக்கு மேல் டெபுடியாக, போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதாகச் சொன்னான். கிறிஸ்துமஸுக்குள் என் தங்கை மார்லிஸ் அவனை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைக்கத் தொடங்கியிருந்தாள். ஜனவரியில், ஏரிக்கரை வீட்டை விற்றுவிட்டு ஏப்ரலில் அவனோடு மிசௌரிக்குப் போவதாகச் சொன்னாள். இறந்துபோன அவள் கணவன் தன் கையால் கட்டிய வீடு அது.

ஹாலிஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதுதான். அவளுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

என் துப்பாக்கியைக் கொடுத்தேன். சுமாராகச் சுட்டான். நடுநடுவே கட்டைவிரலின் அடியைத் தேய்த்துக்கொண்டான். இடைவேளையில் எல்லாரும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டி சாப்பிட்டோம். ரூடி தட்டோடு என் பக்கம் நகர்ந்தான்.

"வெஸ், அங்க பாரு. பேஸ்டி மேல கிரேவி ஊத்திக்கறான்."

"அது ஒரு குத்தமாடா?"

"கெட்சப் பாட்டில் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. அப்பவும் கிரேவி. பெரிய பாலத்துக்குத் தெக்கேர்ந்து வர்றவனுங்க எல்லாம் இப்படித்தான். சரி, அதை விடு. இருபது வருஷம் இடுப்புல துப்பாக்கி வெச்சிருந்தவனுக்கு அந்தத் தகடு தெரியாதா?"

"தெரியணும்."

"டெபுடியா இருந்தானா, டெபுடிங்க ஆபீஸைப் பெருக்கிட்டிருந்தானா?"

குரலைத் தாழ்த்தும் பழக்கம் ரூடிக்கு இல்லை. ஹாலிஸ் தன் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

வெளியே வண்டிகளின் மேல் பனி உறைந்திருந்தது. அவன் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த டியூபை யார் போட்டது?"

"நான்தான்."

"தகடு இருக்கறதைப் பாக்கலையா?"

"கவனிக்கலைங்க."

அவன் திரும்பினால் முகத்தைப் பார்க்கலாம் என்று நின்றேன். கண்ணாடி முழுவதையும் சுரண்டி முடித்தான். பிறகு பக்கத்துக் கண்ணாடிக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே மார்லிஸ் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவன் சொன்னது பொய், வீட்டை விற்காதே.

வாசல் தாழ்வாரத்தில் அவளுடைய சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான் தொங்கும். இந்த முறை முன்சக்கரத்தின் டயர் தொளதொளவென்று கிடந்தது. கிள்ளிப் பார்த்தேன். உள்ளே டியூப் இல்லை.

சமையலறையில் மார்லிஸ் அடுப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்துட்டே. ஹாலிஸ் பின்னாடி பனி தள்ளிட்டிருக்காரு. உக்காரேன். ஏன் நிக்கறே, ஜப்தி பண்ண வந்தவனாட்டம்?"

"சைக்கிள் டயர் என்ன ஆச்சு?"

அவள் சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டியா? அவருக்குக் கட்டைவிரல்ல வலி. கைப்பிடி குத்துதுன்னாரு. உன்னோடதைப் பாத்திருக்கேன்ல, அதே மாதிரி நானே பண்ணிட்டேன். வெந்நீர்ல ஊற வெச்சு, பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தடவினேன், வழுக்கிட்டு ஏறிடுச்சு. எவ்ளோ நேரா வெட்டியிருக்கேன் பாத்தியா? ஸ்கூல் கேன்டீன்ல தெனம் பீட்சா வெட்டற கை."

"அவர் என்ன சொன்னாரு?"

"இத்தனை வருஷத்துல எதுவுமே இப்படிப் பொருந்தினதில்லைன்னாரு. கிளப்புலகூட யாரு செஞ்சதுன்னு கேட்டாங்களாமே?"

"கேட்டோம்," என்றேன்.

"பாத்தியா! நீ ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கு."

வாக்கியம் வாயிலேயே இருந்தது. இப்போது அதற்குச் சாட்சியும் இருந்தது. அவளிடம் ஒரு பொய், என்னிடம் ஒரு பொய். சொன்னால் அவள் வீட்டை விற்கமாட்டாள். ஆனால் அதைச் சொல்ல, அவள் வெட்டிய டியூபிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"இதோ வர்றேன்," என்று பின்கட்டுக்குப் போனேன்.

ஹாலிஸ் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினான்.

"தோட்டாவை நீங்க மறக்கலை," என்றேன்.

அவன் சைக்கிள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"இல்லை. அந்தத் தகடு அழுந்தியிருக்கற வரைக்கும் நான் அதுல தோட்டா போட மாட்டேங்க. ஆனா கிளப்புக்குக் கொண்டு போகலைன்னா மார்லிஸ் கேப்பா."

"வெட்டியிருக்கலாமே."

"ஞாயித்துக்கிழமையானா எடுத்துப் பாக்கறா. வெட்டினது ஏன்னு கேட்டா என்ன சொல்றது? நீ ஆசையா செஞ்சது என் காலை ஓட்டை போட்டிருக்கும்னா?"

"ரூடி உங்களைக் கிளப் முழுக்கக் கேலி பண்ணிட்டான்."

"காதுல விழுந்துச்சு. பெருக்கினவன்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "முத வருஷம் பெருக்கவும்தான் செஞ்சேன்."

எல்லாம் பொருந்தியது. நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவனிடமும் எல்லாம் பொருந்தும்.

"அதைக் கொண்டு வாங்க," என்றேன்.

வண்டியிலிருந்து எடுத்து வந்தான். என்னிடம் கொடுப்பதற்கு முன் திறந்தான், பார்த்தான், தோட்டா இல்லையென்று சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தான். தான் அதையெல்லாம் செய்தது அவனுக்கே தெரியவில்லை; அவ்வளவு பழகிய கை. கைப்பிடியை என் பக்கமாக நீட்டினான். பார்வையாளர் இல்லாத இடத்தில் யாரும் அப்படி நடிப்பதில்லை. ஆனால் பார்வையாளனாக நான் இருந்தேன்.

பேனாக்கத்தியை எடுத்து டியூபில் பிறை வெட்டினேன். விரல் விறைத்திருந்தது, வெட்டு கோணிக்கொண்டு போனது. தகடு சின்னச் சத்தத்தோடு வெளியே எழும்பியது.

"மார்லிஸ் கேப்பா," என்றான்.

"கிளப் விதின்னு சொல்லுங்க."

"அப்படி ஒரு விதி இருக்கா?"

"இல்லை. யாருக்கும் தேவைப்பட்டதில்லை."

பின்கதவு திறந்தது. மார்லிஸ் ஏப்ரனோடு, கணுக்கால் பூட்ஸில், பனியை மிதித்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு பேரும் என்ன கூடிப் பேசறீங்க? சாப்பாடு ஆறுது." என் கையில் இருந்ததைப் பார்த்தாள். "ஐயோ, யாரு வெட்டினது?"

ஹாலிஸ் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான். கிளப் விதி. டியூப் போட்டா அந்த எடத்துல வெட்டிடணும்."

"விதியா? எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா இருக்கு."

"மொதல்லயே சொல்லியிருந்தா நானே நேரா வெட்டியிருப்பேன்ல? இதைப் பாரு, எலி கடிச்ச மாதிரி."

"மத்தபடி குறை சொல்ல ஒண்ணுமில்லை."

அவள் முகம் மலர்ந்தது. துப்பாக்கியை வாங்கி, ஓரத்தை ஒருமுறை தடவிவிட்டு ஹாலிஸிடம் கொடுத்தாள்.

"வெஸ், ஏப்ரல்ல சாமான் ஏத்த வருவேல்ல?"

"வர்றேன்."

"நிச்சயமா?"

"வர்றேன்னேனே."

அவள் முன்னால் நடந்தாள். ஹாலிஸ் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். புதன்கிழமை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து நான் அவனைச் சோதித்துப் பார்த்த மாதிரி.

வெட்டிய ரப்பர் துண்டு என் உள்ளங்கையில் இருந்தது. விரல்களை மூடிக்கொண்டேன்.