மூணு மார்க்

ஹல் நகரத்து விசாரணை அறையில் ஒபெட் டிரான்மர் எழுந்து நின்றபோது, அவன் மேல்கோட்டின் வலது பை மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது, கப்பலில் அவன் ஆற்றின் ஆழம் பார்த்துச் சொல்லும் கயிறு. 'மார்த்தா லீ' கவிழ்ந்த அன்று அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர்கள், அந்தக் கயிற்றை அவன் மணிக்கட்டிலிருந்து அவிழ்க்கத்தான் அதிகப் பாடுபட்டார்கள். தப்பியவர்களின் உயிரைத் தவிர அந்தக் கப்பலிலிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

செத்தவர்கள் ஐந்து பேர். கேப்டன், நெருப்பறை ஆட்கள் இரண்டு பேர், சமையல்காரன், ஆற்றுவழி காட்ட ஏறியிருந்த ஜாப் காவுட். ஹம்பர் ஆற்றின் மணல்திட்டுகள் மாதத்துக்கு ஒரு இடத்தில் படுத்திருக்கும். அவை இன்றைக்கு எங்கே என்று தெரிந்தவர் என்று இருபத்தாறு வருஷமாக ஊர் நம்பிய மனிதர் ஜாப். அவர்தான் கப்பலைத் திட்டின்மேல் ஏற்றிவிட்டார் என்று இப்போது பேச்சு.

"கப்பல் நின்னுதா, நகர்ந்துதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க," என்றார் வக்கீல்.

"ரெண்டும்தாங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலின் காது சிவந்தது. "காவுட் எஞ்சினை நிறுத்தச் சொன்னாரு. அப்போ கப்பல் நின்னுது. நின்ன கப்பல் எப்படிப் போய் மணல்ல மோதும்?"

"தண்ணியில நின்னுதுங்க ஐயா. தரைக்கு மேல நகர்ந்துச்சு. ஓதம் இறங்கிட்டிருந்துதே, ஆறே கடலுக்கு ஓடுதுல்ல, அதோட சேர்ந்து போச்சு. நாங்க ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை வச்சிருக்கோம். பனிமூட்டத்துல பக்கத்துத் தண்ணியப் பாத்தா அசையாம இருக்குற மாதிரிதான் தெரியும். கயித்து நுனியில கட்டின ஈயக்குண்டு தரையில உக்காந்ததும் கயிறு எந்தப் பக்கம் சாயுதோ, அத வச்சுத்தான் நகர்றது புரியும்."

"வக்கீலய்யாவ ஒரு தொட்டியில போட்டு ஆத்துல விடுங்கப்பா, புரிஞ்சிரும்!" என்றது பின் வரிசை. நீதிபதி மேசையைத் தட்டினார். பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவனை மறுபடி விசாரிப்பதாகச் சொல்லி எழுந்தார்.

ஒபெட் தாழ்வாரத்துக்கு வந்ததும் ஹார்க்கர் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஹார்க்கர் அந்தக் கப்பலின் துணைக் கேப்டன், தப்பித்தவர்களில் ஒருவன். காலையிலேயே சாட்சி சொல்லி முடித்திருந்தான்.

"நான் சொன்னது கேட்டுதில்ல? 'மூணுக்கு அரை குறைய'ன்னு, ஆழம் பத்தாதுன்னு நீ கத்தினே, கிழவன் காதுலயே போட்டுக்கலேன்னு சொல்லிட்டேன். நீ ஆமான்னு தலையாட்டினா போதும்."

"நான் அப்படிக் கத்தலையே."

"டேய், யோசிச்சுப் பேசு. நீ கத்தினது என்னன்னு சொன்னா, அடுத்து கயித்தக் கேப்பாங்க. கயித்தப் பாத்தா உன் கழுத்து. அப்புறம் என் கழுத்து. செத்தவன் இனிமே கப்பல் ஏறப்போறானா? நீ ஏறணும். உனக்கு வயசு நாப்பது."

ஒபெட் முழங்கையை விடுவித்துக்கொண்டான். ஹார்க்கர் சொன்னதில் பொய் இருந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கயிறு புதியது. புதுக் கயிறு வந்தால் முதலில் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு எடை கட்டி இழுத்து, ஈரத்தோடே அளந்து, குறித்த பாகங்களில் அடையாளம் தைக்க வேண்டும். மூன்று பாகத்தில், அதாவது பதினெட்டு அடியில், மூன்று வால் விட்ட தோல்துண்டு, ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்பு. இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். ஆனால் புறப்படும் அன்று பழைய கயிறு இற்றுப்போயிருந்தது. ஓதம் தவறிவிடும் என்று ஹார்க்கர் குதித்தான். "உலர்ந்தபடியே தைச்சுத் தொலை, ஊருக்குத் திரும்பினப்புறம் மாத்திக்கலாம்," என்றான். ஒபெட் தைத்தான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.

விசாரணை மண்டபத்தின் வெளிப்படிக்கட்டில் ஜாப்பின் மனைவி திர்சா காவுட் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடையின் மடியில் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் பிரிக்காமல் கிடந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவள் கப்பல் சாமான் கடைக்குக் கயிறுகளுக்குத் தோலும் துணியும் தைத்துக் கொடுப்பவள். கயிறு அளக்க வீட்டு நடையில் ஆறு அடிக்கு ஒன்றாகப் பித்தளை ஆணி அடித்து வைத்திருப்பாள். விருந்தாளி வந்தால் இடறி விழாமல் போக முடியாது.

"உக்காரு ஒபெட். அவர் கடைசியா என்ன சொன்னார்?"

அவன் உட்காரவில்லை. "'மூணு இருக்குற வரைக்கும் போகட்டும்டா. குறைஞ்சா சொல்லு, நங்கூரத்தப் போட்டுடலாம்'னு சொன்னாரும்மா. நங்கூரம் தயாரா தொங்கிட்டுத்தான் இருந்துச்சு."

"நீ என்ன சொன்னே?"

"மூணு மார்க்."

அவள் தலையை நிமிர்த்தினாள். தோல் அடையாளம் சரியாக நீர்மட்டத்தில் நின்றால்தான் ஆழம் பார்ப்பவன் 'மார்க்' என்பான். இடையில் நின்றால் அது கண்மதிப்பு. அதற்குச் சொல் வேறு, குரல்கூட வேறு. 'மார்க்' என்ற சொல்லை எந்த வழிகாட்டியும் சந்தேகப்பட மாட்டார். திர்சாவுக்கு அது தெரியாதா?

"எத்தனை தடவ?"

"மூணு தடவ. மூணாவது சொன்ன உடனே மணல்ல தட்டிருச்சு, ஓதம் சாச்சுப் போட்டுருச்சு."

அவள் கையை நீட்டினாள். அவன் பையிலிருந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தான். அவள் தோல்துண்டைப் பார்க்கவில்லை. கயிற்றின் முறுக்கைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தாள். பிறகு தையலின் நூலை முகத்தருகே கொண்டுபோனாள்.

"ஊறப்போட்டியா?"

ஆற்றுப் பக்கமிருந்து நீராவிப்படகு ஒன்று ஊதியது.

"நாளைக்குக் காலையில பெயின்ட்டர் வரான்," என்றாள் அவள், கயிற்றைத் திருப்பிக் கொடுத்தபடி. "வழிகாட்டிகள் கூடத்துப் பலகையில அவர் பேர அழிக்க. என்கிட்டயே வந்து, எந்த நேரம் வந்தா சங்கடமில்லேன்னு கேட்டுட்டுப் போறான். நல்ல பையன்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒபெட்டுக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான்.

மதியம் வக்கீல் அவனுக்கு வேலையே வைக்கவில்லை. "'மூணுக்கு அரை குறைய'ன்னு நீங்க கத்தினதா ஹார்க்கர் சொல்றாரு. பதினஞ்சு அடி. கப்பலுக்கு வேண்டியது பதினாறரை. உண்மைதானே?"

ஹார்க்கர் முன் வரிசையில் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க. 'மூணு மார்க்'னு கத்தினேன். பதினெட்டு."

"அப்போ கப்பல் மிதந்திருக்கணுமே?"

"மிதந்திருக்கணும். ஒரு வாளி தண்ணியும் அளவுகோலும் குடுங்க ஐயா."

முதலில் கயிற்றை உலர்ந்தபடியே தரையில் நீட்டினார்கள். குமாஸ்தா மண்டியிட்டு அளந்தார். குண்டு கட்டும் நுனியிலிருந்து தோல்வரை பதினெட்டு அடி, பிசகே இல்லை. ஹார்க்கர் மூச்சு விட்டான். ஒபெட் கயிற்றை வாளிக்குள் அமுக்கினான். கால் மணி நேரம் ஊறவிட்டார்கள். வெளியே எடுத்தபோது கயிறு விறைத்து, பருத்து, கறுத்திருந்தது. குமாஸ்தா இரண்டு தடவை அளந்தார்.

"பதினாறு அடி மூணு அங்குலம்," என்றார், யாரையும் பார்க்காமல்.

"நனைக்காம தைச்சேன். தண்ணியில சுருங்கிருச்சு. நான் பதினெட்டுன்னு கத்தினப்போ இருந்தது பதினாறேகால்தான்," என்றான் ஒபெட். "காவுட்டய்யா நான் சொன்னத நம்பினார். அவர் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்."

ஹார்க்கர் அவசரப்படுத்தியதையும் சொன்னான். ஹார்க்கர் இல்லவே இல்லை என்றான். அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஆற்றின் அடியில் இருந்தார்கள். சாயங்காலம் முடிவு படிக்கப்பட்டது. வழிகாட்டி மேல் குற்றமில்லை. ஒபெட் டிரான்மரை இனி எந்தக் கப்பலும் ஆழம் பார்க்க வைக்கக் கூடாது. ஐந்து உயிருக்கு அவன் பதில் சொல்ல வேண்டுமா என்பதை வேறு நீதிமன்றம் பார்க்கும். அதுவரை ஊரை விட்டுப் போகக் கூடாது. ஹார்க்கர் தொப்பியை மாட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போனான்.

வெளியே சமையல்காரனின் அம்மா நின்றிருந்தாள். நெருப்பறைக்காரர்களின் வீட்டார் நின்றிருந்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. வழி விட்டார்கள், அவன் உடம்பு யார்மேலும் பட்டுவிடாத அளவுக்கு அகலமாக விட்டார்கள்.

படிக்கட்டின் அடியில் திர்சா.

"அவர் பேர் பலகையில நின்னுடுச்சு," என்றாள். "உனக்கு நன்றி சொல்லணும்னு தெரியுது ஒபெட். வாயில வரமாட்டேங்குது."

"வேண்டாம்மா."

அவள் நான்கு அடி போனாள். நின்றாள். அவன் கையில் சுருட்டியிருந்த கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள். முப்பது வருஷத்துப் பழக்கம், கணவன் செத்தாலும் விடவில்லை.

"ஈரத்தோட சுருட்டி வைக்காதே. அழுகிடும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஒபெட் துறைமுகத்து இரும்புக் கம்பிவேலியில் கயிற்றைப் பிரித்துப் போட்டான். தோல்துண்டின் மூன்று வாலும் காற்றில் ஆடின. விடியும்போது அது காய்ந்து, மறுபடி பதினெட்டு அடிக்கு வந்துவிடும்.

அவன் அதன் பக்கத்திலேயே நின்றான். போக வேறு இடம் இல்லை.