ஒரு பக்கத் தகடு

சுற்றறிக்கையை இன்னொரு முறை படிக்கச் சொன்னார் அப்துல் வஹீத். காது கேட்காமல் இல்லை. ஃபோர்மேன் கோதண்டபாணி அதை எந்த முகத்தோடு படிக்கிறார் என்று பார்க்க ஆசை. 'பராமரிப்பு வசதிக்காக, பயணிகள் ரயில் நீராவி இன்ஜின்களின் பக்கவாட்டு அலங்காரத் தகடுகளை உடனே அகற்ற வேண்டும்.' எழுபத்தாறாம் வருஷம், மார்ச் மாதம். இன்ஜின் ஷெட்டின் கூரைத் தகரம் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

வசதியாம், வசதி! யுத்தம் முடிந்த புதிதில் கப்பலேறி வந்த இன்ஜின்கள் அவை. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இடுப்புக்குக் கீழே தகடு போர்த்தி அனுப்பியிருந்தார்கள். எண்ணெய் விடும் இடமெல்லாம் தகட்டுக்குள். பேரிங் சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க மண்ணில் படுத்து முழங்கை வரை உள்ளே விட வேண்டும். கையைச் சுட்டுக்கொள்ளாத ஃபிட்டர் அந்த ஷெட்டில் கிடையாது. வஹீத் நாலு முறை எழுதிக் கொடுத்தார். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில், போன வருஷம், உளியை எடுத்து, கை நுழையும் அளவுக்கு ஒரு தகட்டில் ஜன்னல் வெட்டினார். ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கண்ணில் பேரிங் படவில்லை, ஓட்டைதான் பட்டது. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாகக் குற்றம் சாட்டி, ஃபிட்டராக இருந்தவரை மூன்று வருஷத்துக்குக் கலாசியாக, எடுபிடி வேலைக்கு, இறக்கினார்கள். மகள் சைராவுக்கு மாதனூரிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள், "தப்பு பண்ணி எறக்கிட்டாங்களாமே?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

"நீதான் பாய் கழட்டணும். உனக்குத்தான் இது அத்துப்படி," என்றார் கோதண்டபாணி.

"அப்போ அன்னிக்கு நான் பண்ணது?"

"அன்னிக்கு ஆர்டர் இல்லயே."

"ஆர்டர் இல்லன்னா இரும்பு சுடாதா சார்? வஹீத் பண்ணது தப்பு இல்லன்னு ஒரே வரி எழுதிக் குடுங்க."

"எதுக்குப் பேஜாரு? பழசக் கிளறாத."

பழசாம்! கலாசிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்று காலையும்தான் வஹீத் வேலைக்கு வந்தார். ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. மதியத்துக்குள் இடப்பக்கத் தகடுகள் முழுக்கத் தரைக்கு வந்தன. அவற்றை அடுக்கி, மேலே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாபா, அந்தப் பக்கம்?"

"காயிதம் வந்தப்புறம்."

"பாசஞ்சருக்கு நேரமாச்சு!"

"ஓடும் சார். இத்தன வருஷம் அப்டித்தான ஓடுச்சு."

கோதண்டபாணி மற்ற ஃபிட்டர்களைக் கூப்பிட்டார். அவரவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

இன்ஜின் அப்படியே கிளம்பியது. கோதண்டபாணி தகடு கழற்றாத, வண்ணம் பூசின பக்கமாகவே, தலையைத் தூக்காமல் இன்ஜினோடு நடந்தார். வஹீத் உட்கார்ந்திருந்த பக்கத்தில், எண்ணெயில் மினுங்கும் தண்டுகள் வெட்டவெளிச்சத்தில் ஏறி இறங்கி ஏறிக்கொண்டே போயின.