பழைய போன் யாருகிட்ட இருக்கு?

சாயங்காலமானால் ஜீவனஹள்ளி தனலக்ஷ்மிக்குக் கடிகாரம் தேவையில்லை. போனைத் திறந்தால் பள்ளிக்கூட வேன் ஒரு மஞ்சள் புள்ளியாக வரைபடத்தில் ஊர்ந்து வரும். புள்ளி காக்ஸ் டவுன் சர்ச்சைத் தாண்டியதும் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனைக்கு நடப்பாள். மகள் மகா இறங்குவதற்கும் இவள் போய் நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

அந்த ஆப்பைச் செய்த கம்பெனியில்தான் அவளுடைய நாத்தனார் சங்கமித்ரா வேலை செய்கிறாள். தனலக்ஷ்மியின் கையிலிருந்த போனும் அவள் கொடுத்ததுதான். புத்த பூர்ணிமாவுக்குப் புதுப் போன் வாங்கிய கையோடு, "அண்ணி, இது நல்லாத்தான் ஓடுது, வெச்சிக்கோங்க" என்று பழையதைத் தந்திருந்தாள்.

அன்று மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. தனலக்ஷ்மி போனைத் திறந்தாள். மஞ்சள் புள்ளி இல்லை. வரைபடமே இல்லை. இந்த ஆப் இனி உங்கள் போனில் ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே 'ஓகே' என்று ஒரு பொத்தான். என்ன ஓகே? பிள்ளை எங்கே என்று தெரியாமல் எந்தத் தாய் அதை அழுத்துவாள்?

டிரைவர் ஓஸ்வால்டைக் கூப்பிடலாம் என்றால் நம்பர் கிடையாது. ஆப் வழியாகத்தான் டிரைவரோடு பேச முடியும், கேட்டால் பாதுகாப்பாம்! பள்ளிக்கூடத்து லைனோ பிஸி. தெருமுனையில் நனைந்தபடி நின்றாள். ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஏறிவிட்டது என்று போகிறவர்களும் வருகிறவர்களும் சொன்னார்கள். வேன் வரும் வழி அதுதான்.

நாத்தனாரைக் கூப்பிட்டாள். கட். மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் கட்.

சங்கமித்ரா மீட்டிங்கில் இருந்தாள். காலையில்தான் ஆப்பின் புது வெர்ஷன் வெளியாகியிருந்தது. மேசை மேல் கேக். பழைய போன்களுக்காகச் சுமந்த பாரத்தையெல்லாம் இறக்கிவிட்டதால் ஆப் இப்போது பறக்கிறது என்று ஒரே பெருமை.

"நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் ஓடாது. அந்தக் காலத்துப் போனை இன்னும் யாரு வெச்சிருக்காங்க, சொல்லுங்க?" என்று மேனேஜர் தேசிகன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சங்கமித்ராவும்தான் சிரித்தாள். அதற்குள் மறுபடி போன் அதிர, வெளியே வந்து எடுத்தாள்.

"இன்னா அண்ணி, மீட்டிங்ல இருக்கேன்..."

"மித்ரா, வேன் வரல. ஆப்பு ஓட மாட்டேங்குது. இந்த போன்ல ஓடாதுன்னு இன்னாமோ இங்கிலீஷ்ல வருது. பாலத்தாண்ட தண்ணி ரொம்பிடுச்சாம். என் கொழந்த எங்கடி?"

சங்கமித்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் போன்! எந்தப் புது வெர்ஷன் வந்தாலும் முதலில் தன் பழைய போனில் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். ஆபீசில் மிச்சமிருந்த ஒரே பழைய போன் அதுதான். அதைத் தூக்கிக் கொடுத்த பிறகு, பழைய போனில் ஓடுமா என்று கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

"லைன்லயே இருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். பெற்றோர் எல்லோருக்கும் ஓஸ்வால்ட் ஆப் வழியாக எப்போதோ குரல் செய்தி அனுப்பியிருந்தார். "பாலத்தாண்ட தண்ணி, வண்டி போகாது. பசங்கள காக்ஸ் டவுன் சர்ச் ஹால்ல உக்கார வெச்சிருக்கேன். எல்லாம் சேஃப். மெதுவா வந்து கூட்டிக்கினு போங்க."

"அண்ணி! சர்ச் ஹால்ல இருக்கா. பத்திரமா இருக்கா!"

மறுமுனையில் மழைச் சத்தத்தோடு விம்மல் மட்டும் கேட்டது. அப்புறம் தண்ணீரில் தபதபவென்று ஓடும் சத்தம்.

சங்கமித்ரா ஆட்டோ பிடித்து ஹாலுக்குள் நுழைந்தபோது தனலக்ஷ்மி மகளை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எப்போதோ போயிருந்தார்கள். மகா கையில் பாதி பன்.

"அழவே இல்லம்மா உன் பொண்ணு" என்றார் ஓஸ்வால்ட். "எங்கம்மா ஆப்புல பாத்துட்டு வந்துடுவாங்க அங்கிள்னு சொல்லிக்கினே இருந்துச்சு."

சங்கமித்ரா அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, தப்பு எங்க மேல. பழைய போன்ல ஓட வேணாம்னு நாங்களே நிறுத்திட்டோம்."

திட்டுவாள் என்று நினைத்தாள். தனலக்ஷ்மியோ முந்தானையைப் பிழிந்து நாத்தனாரின் ஈரத் தலையைத் துவட்டினாள். "கொழந்த கெடச்சுட்டா, அது போதும். ஆனா ஒண்ணு மித்ரா, போன்தான் பழசு. பெத்தவ பயம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சங்கமித்ரா அங்கிருந்தே தேசிகனை அழைத்தாள்.

"சார், அந்தக் காலத்துப் போன் யாருகிட்ட இருக்குன்னு கேட்டீங்கல்ல? எங்க அண்ணிகிட்ட இருக்கு" என்று நடந்ததைச் சொன்னாள். "நூத்துக்கு ரெண்டு பேருன்னு நாம தள்ளி விட்டோமே, அவங்க எல்லாம் தெருமுனையில பிள்ளைக்காக நிக்கிறவங்க சார். எதுவும் சொல்லாம பாதி வழியில எறக்கி விட்டுட்டோம். வேன்னா எல்லாப் பிள்ளையையும் ஏத்திக்கினுதான போகணும்? நம்ம ஆப்பும் அப்படித்தான் இருக்கணும்."

"சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார் தேசிகன். "பழைய வெர்ஷனை இப்பவே திருப்பிப் போட்டுடலாம்."

மறுநாள் காலை அவரே சிவாஜிநகர் பழைய சாமான் கடைக்குப் போய், யாரோ கழித்துப் போட்ட ஒரு போனை வாங்கி வந்து சங்கமித்ராவின் மேசையில் வைத்தார். "முதல்ல இதுல ஓடணும். அப்புறந்தான் மத்தவங்களுக்கு."