கரைச்சரிவில் ஏழு முட்டைகள்

அண்ணி ஐந்தாவது குளத்தின் கரைக்கு மண் சுமந்துகொண்டிருந்தாள். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அங்கே வேலை செய்த மற்றப் பதினோரு பெண்களுக்கும், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் அண்ணிதான். நாத்தனாருக்கு நெட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். நெட்டை மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவாள். அண்ணி அதைத் தலையில் ஏற்றிப்போய்க் கரையில் கொட்டுவாள்.

ஊரில் குழாய்களை அடித்தால் வெறும் காற்று வரத் தொடங்கிய பிறகு போட்ட திட்டம் அது. ஆழமில்லாத ஆறு குளங்கள், நடுவில் நீர்ப்பறவைகளுக்கு மண்திட்டுகள், ஓரமெல்லாம் கோரை. மழைநீர் இங்கே தேங்கி மெல்ல இறங்கினால் இரண்டு வருஷத்தில் உங்கள் தெருக்குழாயிலும் தண்ணீர் வரும் என்று, குளங்களையும் பறவைகளையும் பார்த்துக்கொள்ளும் ஆபீசர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. முதல் குளத்தை ஒட்டியிருந்த கிணற்றில் ஏற்கெனவே ஓர் ஆள் உயரத்துக்கு நீர் ஏறியிருந்தது.

நான்காவது குளத்தின் கரை சரிந்தபோது அண்ணியின் புருஷன் இடுப்புவரை மண்ணுக்குள் போனான். கம்பி வைத்துக் கட்டிய கால் இப்போது சீழ் பிடித்து நாறியது. வியாழக்கிழமைக்குள் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளம் வெட்டும் கம்பெனியின் ஆஸ்பத்திரியில் சேர்க்க, பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத் தரும் சீட்டு வேண்டும். அவன் படுத்த மறுநாளே பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். பெண்டாட்டி பெயர் அதில் இருந்ததால்தான் இதுவரை வைத்தியம் நடந்தது.

திங்கட்கிழமை, கரைச்சரிவில் அவள் காலடியிலிருந்து ஒரு வாத்து படபடத்துப் பறந்தது. புல்லை விலக்கிப் பார்த்தாள். ஏழு முட்டைகள்.

"மூணாவது குளத்துல கூடு இருந்ததுக்கு நாப்பது நாள் வேலைய நிறுத்தினாங்க அண்ணி," என்றாள் நெட்டை. "அந்த நாப்பது நாளும் ஒருத்தர் பேரும் பதிவேட்டுல இல்ல."

சொல்லாமல் விட்டாலும் புதன்கிழமை பொக்லைன் அந்தச் சரிவில் ஏறும்.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அண்ணி கூட்டைச் சுற்றி மண்வெட்டியை இறக்கி, அடிமண்ணோடு பெயர்த்துக் கூடையில் வைத்தாள். முழங்கால் தண்ணீரில் நடந்தாள். அதுவரை சுமந்த எந்தச் சுமைக்கும் அவள் கழுத்தை அப்படி அசைக்காமல் பிடித்ததில்லை. ஐம்பது அடி தள்ளிக் கோரைக்குள் கூட்டை இறக்கி வைத்தாள்.

"வந்துடும்டி," என்றாள். "பெத்தது விட்டுட்டா போயிடும்?"

வாத்து வந்தது. வெட்டிய பள்ளத்தின்மேல் சுற்றிச் சுற்றிப் பறந்து, கடைசியில் அந்த வெறும் மண்ணிலேயே உட்கார்ந்தது. வேலை முடியும்வரை அது எழுந்திருக்கவில்லை. அண்ணி கூடையோடு போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமலே போனாள்.

செவ்வாய் காலை பறவைகளைக் கணக்கெடுக்க வந்த ஆபீசரின் கண்ணில் முதலில் பட்டது வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்த அந்த வாத்துதான். அரை மணி நேரத்தில் கோரைக்குள் முட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டார். அடிமண்ணில் மண்வெட்டி வெட்டிய தடம் நேராக இருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. முட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் உயிர் இருக்கலாம் என்று சொல்லி யாருக்கோ போன் செய்தார்.

கம்பெனி சூப்பர்வைசர் பெண்களை வரிசையாக நிறுத்தினார். செய்தவள் யாரென்று சொல்லாவிட்டால் பன்னிரண்டு பெயரையும் அடித்துவிடுவதாகச் சொன்னார். அண்ணி வாயெடுப்பதற்குள் நெட்டை முன்னால் வந்து நின்றாள்.

"நான்தாங்க எடுத்து வெச்சேன். அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒருத்திக்குத் தெரியாம இன்னொருத்தி செஞ்சாளாக்கும்." இரண்டு பெயர்களிலும் கோடு இழுத்தார்.

அண்ணி ஆபீசரிடம் ஓடினாள். "ஐயா, வியாழக்கிழமை வரைக்கும் பேரு இருக்கட்டும். கூலி வேணாம், சும்மாவே மண்ணு சுமக்கறேன். அந்தச் சீட்ட மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

ஆபீசர் தலை குனிந்துகொண்டார். ஆட்கள் விஷயம் கம்பெனியுடையது, தன் கையில் இல்லை என்றார். நிஜமாகவே இல்லை.

மத்தியானம் காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டி கேட்டு வாங்கி, கோணி விரித்து அண்ணியின் புருஷனைப் படுக்க வைத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர். நெட்டை முன்னால் இழுத்தாள், அண்ணி பின்னால் தள்ளினாள். குளங்களைத் தாண்டி, ஜல்லி பெயர்ந்த சாலையில் திரும்பியபோது பின்னால் ஹாரன் கேட்டது. நெட்டை வண்டியைச் சாலையோரத்துக்கு இறக்கினாள். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. அவன் கோணியைக் கடித்துக்கொண்டு கத்தலை அடக்கினான்.

ஜீப் கண்ணாடிகளை ஏற்றியிருந்தது. டிரைவர் ஒவ்வொரு குழியாகப் பார்த்துப் பார்த்து, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்சீட்டில் ஆபீசர், பஞ்சு வைத்த பெட்டியை மடியில் வைத்து, அதிராமல் இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தார்.

அது கடந்துபோக வெகுநேரம் ஆயிற்று. பிறகு அண்ணி குனிந்து, சக்கரத்துக்குத் தோளைக் கொடுத்தாள்.